பழைய காருக்கு எந்த பிரேக் நல்லது?

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில், அடையாற்றங்கரையில் இருக்கிறது. 2021-ம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டபோது இந்த ஊரும் அதில் சேர்ந்தது.

ஒரு காலத்தில் இங்கு நெய்த "மெட்ராஸ் கைக்குட்டை" என்ற துணி கப்பல் ஏறி, ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவுக்குப் போயிற்று. அந்த வியாபாரம் படுத்த பிறகும் நெசவாளர்கள் சோர்ந்துவிடவில்லை. வாழை மட்டையில் நார் உரித்தார்கள். அந்த நாரில் சேலை நெய்தார்கள். சணல், கற்றாழை, அன்னாசி என்று 25 வகை இயற்கை நார்களைச் சேர்த்து ஒரு சேலை நெய்து, லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம் பிடித்தார்கள்.

ஆகவே, நாரைப் பற்றி அனகாபுத்தூர் மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு நார் இருக்கிறது. அது தறியில் இல்லை. பழைய காரின் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கக்கூடும். அதன் பெயர் கல்நார். அஸ்பெஸ்டாஸ் என்று சொல்கிறோமே, அதுதான்.

அது எப்படிக் காருக்குள் வந்தது? அதற்குப் பதிலாக இப்போது என்ன இருக்கிறது? பழைய கார் வைத்திருப்பவர் எதை வாங்க வேண்டும்?

மூன்று தினுசு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அவர்களிடம் ஒரு மாருதி 800 கார் இருக்கிறது. வாங்கி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கோடை விடுமுறைக்கு ஏற்காடு போகலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

புறப்படுவதற்கு முன்பு அப்பா காரைத் தெருமுனை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டு போகிறார்.

"தம்பி, பிரேக்கை மிதித்தால் கிரீச்சுனு சத்தம் வருது. என்னன்னு பாருங்க."

மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிறார்.

"பேட் தேஞ்சு போச்சு சார். மாத்திடணும். மூணு தினுசு இருக்கு. ஒண்ணு சாதா. ஒண்ணு மெட்டல். ஒண்ணு செராமிக். எது போடட்டும்?"

"எதுப்பா நல்லது?"

"விலை கூடினது நல்லதுதான் சார்."

அப்பா யோசிக்கிறார். பர்சைத் தொட்டுப் பார்க்கிறார்.

அதற்குள், வேலை பழகும் பையன் ஒருவன் பின் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றி வைக்கிறான். உள்ளே கறுப்பாகத் தூசு படிந்திருக்கிறது. அவன் காற்றுக் குழாயை எடுத்து "புஸ்" என்று அடிக்கிறான். தூசு புகைபோல் எழுந்து அவன் முகத்தை மூடுகிறது.

இந்தப் பையனை மறந்துவிட வேண்டாம். அப்பாவின் கேள்விக்கும் அவனுக்கும் சம்பந்தம் உண்டு.

பிரேக் செய்யும் வேலை

பிரேக் என்ன செய்கிறது? "காரை நிறுத்துகிறது" என்று சொல்வோம். இன்னும் சரியாகச் சொன்னால், அது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிறது.

இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சூடு வருகிறது அல்லவா? பிரேக்கிலும் அதுதான் நடக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு வில்லைகள் அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கின்றன. அவைதான் பிரேக் பேட்.

டிரம் பிரேக் என்பது வேறு மாதிரி. சக்கரத்தோடு ஒரு இரும்புக் குடம் சுற்றும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பட்டைக்கு லைனிங் என்று பெயர். மிதித்தால் ஷூ விரிந்து, குடத்தின் உட்பக்கத்தை அழுத்தும்.

மாருதி 800-ல் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அதற்கு முந்திய காலத்து அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம்தான் இருந்தது. அம்பாசடரில் பிற்காலத்தில்தான் முன்னால் டிஸ்க் வந்தது.

சூடு எவ்வளவு தெரியுமா? நான்கு பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறினால், இந்தச் சின்னக் காரின் எடை ஏறக்குறைய 1,000 கிலோ ஆகிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக் போட்டு நிறுத்தினால், அந்தச் சூட்டைக் கொண்டு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் இப்படி. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும்.

ஆகவே, பேட் செய்யும் பொருள் நன்றாக உரச வேண்டும். ஆனால் உருகக் கூடாது. எரியக் கூடாது. சீக்கிரம் தேயவும் கூடாது. தான் தேயாமல் இரும்பைத் தேய்த்துவிடவும் கூடாது. இத்தனை குணமும் ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம். பிரேக்கின் கதையே அந்தப் பொருளைத் தேடிய கதைதான்.

செருப்புத் தைப்பவர் செய்த உதவி

உலகின் முதல் மோட்டார் கார்களில் ஒன்றைச் செய்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ். அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் துணிச்சல்காரி. 1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கணவரிடம் சொல்லாமலே காரை எடுத்துக்கொண்டு, தம் இரண்டு மகன்களுடன் தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். மன்ஹைம் நகரிலிருந்து போர்ஷைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் அதுவரை யாரும் கார் ஓட்டியதில்லை.

வழியில் இறக்கங்கள் வந்தன. மரத்தால் செய்த பிரேக் கட்டை தேய்ந்து போயிற்று. பெர்த்தா என்ன செய்தார்? ஒரு கிராமத்தில் செருப்புத் தைப்பவரைத் தேடிப் பிடித்தார். பிரேக் கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார்.

பிரேக் லைனிங் பிறந்தது அப்படித்தான். கண்டுபிடித்தவர் ஒரு பெண். செய்து கொடுத்தவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி!

இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ல் இதையே தொழிலாக ஆரம்பித்தார். முதலில் குதிரை வண்டிகளுக்குப் பிரேக் கட்டை செய்தார். தம் பெயரின் எழுத்துக்களோடு மனைவி பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து, மாற்றிப் போட்டு "ஃபெரோடோ" என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்றும் கடைகளில் இருக்கிறது.

பருத்தி, தோல், மரம் எல்லாம் சூட்டில் கருகின. கருகாத நார் ஒன்று தேவைப்பட்டது. அப்போது கையில் கிடைத்ததுதான் கல்நார்.

நெருப்பில் வேகாத நூல்

கல்நார் பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கல். ஆனால் பிய்த்தால் பஞ்சுபோல் பிரியும். நூலாக நூற்கலாம். துணியாக நெய்யலாம். நெருப்பில் போட்டாலும் எரியாது. விலையும் மலிவு.

ஆரம்ப காலத்துப் பிரேக் லைனிங்குகள் தறியில் நெய்யப்பட்டவைதான். கல்நார் நூலோடு பித்தளைக் கம்பியையும் சேர்த்து நெய்து, பசை ஊட்டி இறுக்கினார்கள். பிறகு கல்நாரைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தி வார்த்தார்கள். உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளுக்கு கார், லாரி, பஸ் எல்லாவற்றிலும் அதுவே பிரேக்காக இருந்தது.

ஆனால் அந்த நார் பிரேக்கைக் காத்தது, நூற்றவர்களைக் கொன்றது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர். அதுவும் நூற்பு ஆலைகளின் ஊர். நெல்லி கெர்ஷா என்ற பெண் அங்கு கல்நார் நூற்கும் வேலை செய்தார். மூச்சு வாங்கியது. வேலைக்குப் போக முடியவில்லை. 1924-ம் ஆண்டு இறந்து போனார். வயது 33 தான்.

வில்லியம் குக் என்ற டாக்டர் அவருடைய நுரையீரலைச் சோதித்தார். உள்ளே கல்நார்த் துகள்கள் இருந்தன. அவர் அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பின்னர் அந்த நோய்க்கு "அஸ்பெஸ்டோசிஸ்" என்று பெயரும் வைத்தார். நுரையீரல் தழும்பேறி இறுகி, மூச்சு விட முடியாமல் போகும் நோய் அது.

இதோடு நிற்கவில்லை. கல்நார் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையிலும் புற்றுநோயை உண்டாக்கும். கல்நாரில் எல்லா வகையுமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இந்த நோய்களின் கொடுமை என்னவென்றால், உடனே தெரியாது. தூசை இன்று சுவாசித்தால் நோய் 20, 30, 40 ஆண்டுகள் கழித்து வரும். பையனாக இருந்தபோது உள்ளே போனது, தாத்தாவாகும் வயதில் பழி வாங்கும். தொழிலாளியின் சட்டையில் ஒட்டிய தூசு வீட்டுக்கு வந்து, அதைத் துவைத்த மனைவிக்கு நோய் கொடுத்த சம்பவங்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய உச்ச நீதிமன்றம் 1995-ல் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய அடிப்படை உரிமை என்று அது கூறியது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 40 ஆண்டுகள் ஏன்? நோய் அவ்வளவு தாமதமாக வரும் என்பதால்தான்.

இங்கிலாந்து 1999-ல் கல்நாரைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-ல் தடை வந்தது. கடைசி வரை பயன்பாட்டில் இருந்த வெள்ளைக் கல்நாருக்கு அமெரிக்கா 2024 மார்ச்சில் தடை அறிவித்தது. அதில் பிரேக் சாமான்களும் அடக்கம்.

இந்தியாவில் கல்நார் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. பெரிய கம்பெனிகள் கல்நார் இல்லாத பிரேக்குகளைச் செய்கின்றன. ஆனால் பெயர் இல்லாத அட்டைப் பெட்டியில், பில் இல்லாமல் வரும் மலிவுச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய காரின் டிரம்முக்குள் பல வருடமாகப் படிந்திருக்கும் தூசும் அப்படித்தான்.

ஆகவே, பேட் வாங்கும்போது முதல் கேள்வி விலை அல்ல. "இதில் அஸ்பெஸ்டாஸ் இல்லையே?" என்பதுதான் முதல் கேள்வி. நல்ல பெட்டியில் "நான் அஸ்பெஸ்டாஸ்" அல்லது "அஸ்பெஸ்டாஸ் ஃப்ரீ" என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

முந்திரிக்கொட்டையின் மகிமை

இனி மெக்கானிக் சொன்ன மூன்று தினுசுகளைப் பார்ப்போம்.

முதலாவது, "சாதா" பேட். இதை ஆர்கானிக் என்பார்கள். கல்நாருக்குப் பதிலாகக் கண்ணாடி நார், கெவ்லார் போன்ற செயற்கை நார், ரப்பர், தாதுப் பொடிகள் ஆகியவற்றைப் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்கிறார்கள்.

இதில் சேரும் ஒரு சரக்கைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய்!

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கையில் பட்டால் தோலை அரிக்கும் எண்ணெய் அது. பருப்பை நாம் பாயசத்தில் போடுகிறோம். ஓட்டின் எண்ணெயைக் காய்ச்சிப் பிசினாக்கி, பொடி செய்து பிரேக்கில் கலக்கிறார்கள். அந்தப் பொடி சூட்டைத் தாங்கும். சத்தத்தைக் குறைக்கும். பிரேக் வெடுக்கென்று பிடிக்காமல் பதமாகப் பிடிக்கச் செய்யும். பாயசத்துக்குப் பருப்பு, பிரேக்குக்கு ஓடு!

ஆர்கானிக் பேட் மிருதுவானது. சத்தம் குறைவு. குளிர்ந்திருக்கும்போதும் உடனே பிடிக்கும். டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. குறை என்ன? மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேயும். மிக அதிகச் சூட்டில் பிடிப்பு தளரும்.

இரண்டாவது, "மெட்டல்" பேட். சரியாகச் சொன்னால் பாதி உலோகம். இரும்புத் துருவல், இரும்புப் பொடி முதலியவை கலந்தது. சூட்டை நன்றாகத் தாங்கும். பாரம் ஏற்றும் வண்டிக்கும், ஓயாமல் மலை ஏறி இறங்கும் வண்டிக்கும் ஏற்றது. ஆனால் கடினமானது. சத்தம் போடும். டிஸ்க்கைத் தேய்க்கும். சில வகைகள் சூடேறும் வரை சரியாகப் பிடிக்காது.

மூன்றாவது, "செராமிக்". பீங்கான் வகை நார்கள் கலந்தது. சத்தம் மிகக் குறைவு. சக்கரத்தில் கரி படியாது. நீண்ட நாள் உழைக்கும். விலைதான் அதிகம்.

சில பேட்களில் செம்பும் உண்டு. தேயும் தூசு மழைத் தண்ணீரோடு ஆற்றுக்குப் போய் மீன்களைக் கெடுக்கிறது என்று, அமெரிக்காவில் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010-ல் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டன. அடையாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இது புரியும். சாலைத் தூசெல்லாம் மழையில் எங்கே போகிறது என்று அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

பழைய காருக்கு எது?

"விலை கூடினது நல்லது" என்றார் மெக்கானிக். அது முழு உண்மை அல்ல.

காரைச் செய்த கம்பெனி, அதன் எடையையும் வேகத்தையும் கணக்குப் பார்த்துத்தான் பிரேக்கை அமைத்தது. முன் சக்கரம் எவ்வளவு பிடிக்க வேண்டும், பின் சக்கரம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஒரு பங்கு உண்டு. முன்னால் மட்டும் பிடிப்பு குறைந்த பேட் போட்டால் என்ன ஆகும்? பின் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டிக்கொள்ளும். மழை நாளில் காரின் வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

பழைய காரின் டிஸ்க்கும் பழையது. ஏற்கெனவே தேய்ந்து மெலிந்திருக்கும். கடினமான உலோகப் பேட் அதை இன்னும் வேகமாகத் தின்னும். பேட் மிச்சம், டிஸ்க் நஷ்டம்!

ஆகவே, ஊருக்குள்ளும் ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓடும் சின்னப் பழைய காருக்கு, கம்பெனி முதலில் போட்ட அதே வகையில், கல்நார் இல்லாத ஆர்கானிக் பேட் போதும். சத்தமும் கரியும் பிடிக்காது, பணமும் இருக்கிறது என்றால் செராமிக் போடலாம். அதுவும் அந்தக் காருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். உலோகப் பேட் பாரம் இழுக்கிற வண்டிக்கு. இந்தக் காருக்கு வேண்டாம்.

பல பேட்களின் முதுகில் அல்லது ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் சேர்ந்து இருக்கும். "ஈ ஈ" அல்லது "எஃப் எஃப்" என்பதுபோல. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்கிறது. இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்கிறது. ஈ-யைவிட எஃப் அதிகம் பிடிக்கும். எஃப்-ஐவிட ஜி அதிகம். இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் குறைந்திருந்தால், அந்தப் பேட் சூட்டில் தளரும் என்று அர்த்தம். எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்து சொல்லாது.

இன்னும் பழைய கார்களுக்கு

தாம்பரத்தைத் தாண்டிப் போனால் வண்டலூர். அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கிருந்துதான் வந்தது. தொழிற்சாலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டது. ஆனால் ஹெரால்டைப் பிள்ளைபோல் வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கார்களுக்குக் கடையில் தயாராகச் சாமான் கிடைப்பது கடினம். பழைய ஷூவைக் கொண்டு போய், அதன்மேல் புது லைனிங் ஒட்டி வாங்க வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை போன்ற இடங்களில் விசாரித்தால் வழி தெரியும். அப்படி ஒட்டச் சொல்லும்போதும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். "இந்த லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் உண்டா?"

நல்ல சரக்குக்கு வெகுதூரம் போக வேண்டாம். சென்னை பிரேக்குக்குப் பேர் போன ஊர். பிரேக்ஸ் இந்தியா 1962-ல் பாடியில் தொடங்கியது. ரானே பிரேக் லைனிங் 1964-ல் ஆரம்பமானது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-ல் வந்தது. எந்தக் கம்பெனியானாலும் சரி, பெட்டியில் பெயரும் தயாரிப்பு எண்ணும் இருக்க வேண்டும். கடைக்காரர் பில் கொடுக்க வேண்டும். போலிப் பெட்டிக்குப் பில் வராது.

ஏற்காடு இறங்கும்போது

நம் குடும்பம் ஏற்காடு போகிறது. சேலத்திலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதில் பயம் இல்லை. இறங்குவதில்தான் இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 1,200 மீட்டர் கீழே இருக்கிறது. 1,000 கிலோ கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வரும் சூட்டை எல்லாம் பிரேக்கே தாங்கினால், சுமார் 40 லிட்டர் தண்ணீர் கொதிக்கும்! எந்தப் பேட்டும் அதற்குத் திணறும். பிசின் கருகி வாடை வரும். பெடல் மிதித்தும் கார் நிற்காது.

அதனால்தான் மலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று டிரைவர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது கியரில் இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைப்பவர், உயிரைப் பணயம் வைக்கிறார்.

பிரேக் ஆயிலையும் பார்க்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் பஞ்சுபோல் அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றினால் நல்லது.

கவனிக்க வேண்டியவை

பேட்டின் கனம் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிட வேண்டும். இடது சக்கரத்தில் மாற்றினால் வலது சக்கரத்திலும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

புது பேட் போட்டதும் முதல் 200, 300 கிலோமீட்டருக்கு வெடுக்கென்று பிரேக் போடக் கூடாது. பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழக வேண்டும். ஆகவே நம் குடும்பம் புறப்படுவதற்கு முந்திய நாள் பேட் மாற்றக் கூடாது. இரண்டு வாரம் முன்பே மாற்ற வேண்டும்.

சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது பிரேக்கையும் பார்ப்பார்கள். ஆனால் அந்த நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. கிரீச் என்று சத்தம் வந்தாலே கார் நம்மைக் கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

அந்தப் பையன்

இப்போது காற்றுக் குழாய் பிடித்த பையனிடம் வருவோம்.

டிரம்மில் இருந்த தூசில் கல்நார் இருந்ததா, இல்லையா? அப்பாவுக்குத் தெரியாது. மெக்கானிக்குக்கும் தெரியாது. பையனுக்கும் தெரியாது. தெரியாத தூசை விஷத் தூசாகவே நினைக்க வேண்டும்.

அதற்குச் செலவு அதிகம் இல்லை. காற்று அடிக்கக் கூடாது. உலர்ந்த பிரஷ்ஷாலும் தட்டக் கூடாது. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, டிரம்மை நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நனைந்த தூசு பறக்காது. துடைத்த துணியை உதறாமல், ஈரத்தோடு பையில் கட்டிவிட வேண்டும். வேலை செய்த சட்டையை வீட்டில் உதறக் கூடாது. மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக நனைத்துத் துவைக்க வேண்டும்.

காரின் சொந்தக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"தம்பி, காத்து அடிக்க வேணாம். தண்ணி ஊத்தித் துடைங்க. அஞ்சு நிமிஷம் கூட ஆனாலும் பரவாயில்லை."

ராச்டேல் ஊரில் நெல்லி கெர்ஷாவுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. அனகாபுத்தூர்ப் பையனுக்குச் சொல்ல ஆள் இருக்கலாம்.

கடைசியாக ஒரு செய்தி. கல்நாருக்குப் பதிலாகத் தாவரச் சரக்குகளைப் பிரேக்கில் கலக்க முடியுமா என்று பல நாடுகளில் ஆராய்கிறார்கள். நைஜீரியாவில் ஆராய்ச்சியாளர்கள் வாழைப்பழத் தோலைப் பொடி செய்து, பிசினோடு கலந்து பிரேக் பேட் செய்து சோதித்தார்கள். பலன் நம்பிக்கை தருவதாக இருந்தது என்று எழுதினார்கள். அது இன்னும் கடைக்கு வரும் சரக்கு அல்ல.

ஒரு காலத்தில் அனகாபுத்தூரின் கைக்குட்டையை வாங்கிக் கட்டிய நாடு அது. வாழையை வீணாக்காமல் பயன்படுத்தும் யோசனை அந்த நாட்டுக்கும் இந்த ஊருக்கும் ஒன்றாகவே தோன்றியிருக்கிறது.

வாழை நாரைக் கையில் எடுத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. கல்நார் அப்படி அல்ல. அதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே காருக்குள் இருந்தால், நனைக்காமல் அதைத் தொடவும் வேண்டாம்.